சுவைஞரும் சுவையைப் படைத்தோரும்

சுவை என்பது தனிமனிதன் ஒருவனின் நாவிலே பிறந்து அவன் நாவிலேயே முடியும் ஒன்று என்னும் கொள்கை நமக்குப் புதியதன்று. இலக்கியத்தில் 'ரசிகன்' என்றொரு தனிப்பிறவி உண்டென்றும், அவனுடைய நுண்ணுணர்வே கலைக்கு உரைகல் என்றும், அவ்வுணர்வுக்கும் சமுதாயத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லையென்றும் கூறுவோரோடு முற்போக்காளர் நெடுங்காலமாக வாதிட்டு வந்துள்ளனர். இன்று அக்கொள்கை ஏட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தைக் கையிலேந்தி வேறொரு வாயில் வழியாக உள்ளே நுழைகின்றது. அவ்வாயிலிலும் அதனை எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

யப்பானிய மக்கள் அரிசியிலிருந்து ஆக்கும் சாக்கே என்னும் மதுவையே இங்கு குறிப்பிடுகின்றோம். 'கைவினைச் சாக்கே' என்ற பெயருடன் அது இன்று உலகின் பெருநகரங்களிலெல்லாம் விலைபோகின்றது. அதனை முதன்முறை சுவைத்தோர் எழுதும் குறிப்புகளோ ஒரு தனி இலக்கியமாகவே பெருகிவிட்டன. பேரிக்காயின் மணம், வெண்மலரின் மென்மை, உருகிய பனியின் தூய்மை என்று வருணனைகள் நீளுகின்றன. அவ்வருணனைகளில் பனி உண்டு. அப்பனியில் விடியுமுன் எழுந்து அரிசி கழுவியவன் இல்லை. வயல் உண்டு, கமக்காரன் இல்லை. கைவினை உண்டு, கைகள் இல்லை.

மதுவைப் பற்றி எழுதுவது ஆசிரியர்க்கு அழகோ என்று சில நண்பர்கள் வினவக்கூடும். குடிப்பழக்கம் உழைக்கும் குடும்பங்களை எவ்வாறு சிதைக்கின்றது என்பதை வகுப்பறையில் நிற்போர் பிள்ளைகளின் முகங்களிலே நாள்தோறும் காண்கின்றனர். குடியைப் பரப்புவது நம் நோக்கமன்று. ஆயினும், ஒரு பொருள் தீயதெனக் கருதப்படுவதாலேயே அதன் வரலாறு ஆராயத்தகாததாகி விடாது. மக்கள் தம் கையால் ஆக்கிய ஒன்று எவ்வாறு அவர்தம் கையிலிருந்து பறிக்கப்பட்டது, பின்னர் அது எவ்வாறு அழகிய போத்தலில் அடைக்கப்பட்டு உயர்ந்தோர் சுவையாக விற்கப்படுகின்றது என்பதற்குச் சாக்கேயின் கதை தக்க சான்று. அதனாலேயே அது நம் கவனத்துக்குரியதாகின்றது.

யப்பானிலே தொழில்புரிந்து மீண்ட நம் பழைய மாணவர் ஒருவர் கொணர்ந்த போத்தலிலிருந்து அண்மையில் நாம் சாக்கேயை முதன்முதலாகச் சுவைத்தோம். கலங்கலான வெண்ணிறம்; நாவிலே மெல்லிய நுரைப்பு; முதலில் இனிப்பு, அதனைத் தொடர்ந்து ஒரு புளிப்பு; ஈற்றிலே சிறிது கசப்பு. பேரிக்காயையும் வெண்மலரையும் தேடினோம், கிடைத்திலது. நினைவுக்கு வந்தது இரவு நீர் ஊற்றி வைத்த சோற்றின் காலை மணமே. சோறுண்டு வாழும் எவனுக்கும் அது அயலான மணமன்று. உழைப்பாளியின் அடுக்களை மணம் அது. நன்றாகவே இருந்தது என்பதைச் சொல்வதில் நமக்குத் தயக்கமில்லை. இந்நற்சுவையை ஆக்கியோர் யாவர் என்ற வினாவும் அப்பொழுதே எழுந்தது. இக்கட்டுரை அவ்வினாவுக்கு நாம் தேடிய விடையாகும்.

சாக்கே வடித்தெடுக்கும் சாராயமன்று. புளிக்கவைத்து ஆக்கும் மதுவாகும். அரிசி, நீர், கோஜி என்னும் பூஞ்சணம், மதுவம் ஆகிய நான்கும் அதன் மூலப்பொருள்கள். திராட்சையில் வெல்லம் இயல்பாகவே உண்டு. அரிசியிலோ மாப்பொருளே உண்டு. அவித்த அரிசியின்மீது கோஜியை வளர்த்தால் அது மாப்பொருளை வெல்லமாக்கும். அவ்வெல்லத்தை மதுவம் அற்ககோலாக்கும். இவ்விரு மாற்றங்களும் ஒரே தொட்டியில் ஒரே வேளையில் நடைபெறுவதே சாக்கேயின் தனித்தன்மை. இம்முறையால், வடிக்காமலே ஏறத்தாழ 20 வீத அற்ககோலை எட்ட முடிகின்றது. பின்னர் நீர் சேர்த்து 15 அல்லது 16 வீதமாக்கி விற்பதே பெருவழக்கு. நுண்ணுயிர்கள் யாவையென எவரும் அறியாத காலத்திலேயே இந்நுட்பத்தைக் கண்டு, கைமாற்றிக் கைமாற்றி வளர்த்தவர்கள் பெயரறியப்படாத மக்களே.

பெருஞ் சாக்கேச் சாலைகளிலே உழைத்தோர் யார்? கோபே நகரை அடுத்த நாதா, கியோத்தோவைச் சார்ந்த புஷிமி ஆகியன புகழ்பெற்ற உற்பத்தி மையங்கள். அங்கே சாலைகளின் உடைமையாளர் வணிகர். மதுவை ஆக்கியோரோ குளிர்காலத்தில் ஊர்விட்டு வந்த கமக்காரர். அறுவடை முடிந்து வயல் பனியில் மூடியதும், வயிற்றுக்கு வழிதேடி அவர்கள் கூட்டங் கூட்டமாகப் புறப்பட்டனர். கூட்டத்தின் தலைமைத் தொழிலாளன் தோஜி எனப்பட்டான். இவாத்தேயின் நம்பு, நீகத்தாவின் எச்சிகோ, ஹியோகோவின் தன்பா ஆகிய பகுதிகளின் தோஜிகள் பெரும்பெயர் பெற்றோர். தன்பாப் பகுதியில் இக்குளிர்கால உழைப்புக்கு 'நூறு நாள் சம்பாத்தியம்' என்றே பெயர். நூறு நாளும் மனைவி மக்களைப் பிரிந்து, சாலையிலேயே உண்டு உறங்கி, இரவில் எழுந்தெழுந்து கோஜி அறையின் வெம்மையைக் காத்து, வெளியே உறைபனியில் அரிசி கழுவி அவர்கள் உழைத்தனர். அதே வட யப்பானின் வறிய கிராமங்களிலிருந்தே நண்டு பிடிக்கும் கப்பல்களுக்கும் ஆட்கள் சென்றனர். அவர்தம் அவலத்தை 1929இல் 'நண்டுக் கப்பல்' நாவலில் சித்திரித்த கொபயாஷி தக்கிஜி 1933இல் பொலிசாரின் பிடியில் கொல்லப்பட்டார் என்பதை நம் வாசகர் அறிவர். கப்பலுக்கு ஆள் அனுப்பிய வறுமையே சாக்கேத் தொட்டிக்கும் ஆள் அனுப்பியது.

இவ்வுழைப்பிலே பாட்டும் பிறந்தது. சோற்றையும் கோஜியையும் நீண்ட கழிகளால் மசிக்கும்போது தொழிலாளர் பாடிய பாடல்கள் பல உள. களைப்பை மறக்க மட்டும் அவை எழுந்தனவல்ல. கடிகாரமில்லாத சாலையில் ஒரு பாட்டின் நீளமே வேலையின் நீளத்துக்கு அளவாயிற்று. ஏற்றப்பாட்டையும் நாட்டுப்பாட்டையும் பயின்ற நமக்கு இது வியப்பளிக்காது. உழைப்பினின்றும் கலை பிறக்கின்றது என்னும் கோட்பாட்டுக்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமோ? பெண்களோ நெடுங்காலம் சாலைக்குள் நுழையவும் தடுக்கப்பட்டனர். அண்மைய பதிற்றாண்டுகளிலேதான் பெண்கள் சிலர் தோஜியாகத் தலையெடுத்துள்ளனர். 'மரபு, மரபு' என்று மெய்சிலிர்ப்போர் அம்மரபின் இப்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தல் நன்று.

இனி, 'கைவினை' என்னும் சொல்லை உரசிப் பார்ப்போம். உயர்தரச் சாக்கேயின் பெருமை அரிசியைத் தீட்டுவதிலே தங்கியிருப்பதாகக் கூறுவர். ஜின்ஜோ என்னும் வகைக்கு அரிசியின் 60 வீதமோ அதனினும் குறைவோ எஞ்சுமாறு தீட்டவேண்டும்; தைஜின்ஜோவுக்கு 50 வீதமோ அதனினும் குறைவோ எஞ்சவேண்டும். மணி உடையாமல் இவ்வாறு தீட்டக் கையால் இயலாது. 1930களில் பரவிய நிலைக்குத்துத் தீட்டும் பொறியே அதனை இயலச் செய்தது. போற்றப்படும் யமாதா நிஷிக்கி என்னும் நெல்லினமோ ஹியோகோ மாநில ஆராய்ச்சி நிலையத்தில் 1923இல் கலப்பினமாக்கப்பட்டு 1936இல் பெயரிடப்பட்டது. 1904இல் நிதியமைச்சின் கீழ் மது ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. கழியால் மசிக்கும் கடும் வேலையைத் தவிர்க்கும் முறை 1909இலும், தொடக்கக் காடியை விரைவாக்கும் முறை 1910இலும் வகுக்கப்பட்டன. சிறந்த சாலைகளிற் பிரித்தெடுத்த மதுவ வகைகள் எண்ணிடப்பட்டு நாடெங்கும் வழங்கப்பட்டன. ஆகவே, 'தனியொரு கலைஞனின் கைவண்ணம்' எனப்படுவது உண்மையில் கமக்காரன், தொழிலாளி, பொறிவல்லுநன், விஞ்ஞானி ஆகியோரின் கூட்டுப் படைப்பேயாகும். இதனால் சாக்கேயின் பெருமை குன்றாது, மிகும். குன்றுவது, அப்பெருமையைத் தனிச்சொத்தாக்குவோரின் கதை மட்டுமே.

இன்று ஒரு வீதத்துக்கும் குறைவாகவே எஞ்சுமாறு தீட்டிய அரிசியிலும் சாக்கே செய்து பெருவிலைக்கு விற்கின்றனர். தீட்டியபோது உதிர்ந்த மா வீணாவதில்லை, தின்பண்டத்துக்கும் தீவனத்துக்கும் பயன்படுகின்றது என்று சமாதானம் கூறுவர். அஃது உண்மையே. எனினும், 2025இல் யப்பானியக் கடைகளில் அரிசி விலை முந்திய ஆண்டைப்போல் இருமடங்கு அளவுக்கு ஏறி, அரசாங்கம் தன் சேமிப்புக் களஞ்சியத்தைத் திறக்க நேர்ந்தது. 1918இல் தொயாமாக் கரையோரத்து மீனவப் பெண்கள் தொடங்கிய அரிசிக் கலகம் நாடெங்கும் பரவி ஓர் அமைச்சரவையையே கவிழ்த்தது. அரிசி அந்நாட்டில் வெறும் சுவைப்பொருளன்று; அரசியல். ஒரு மணியில் நூற்றிலொரு பங்கை மட்டும் வைத்துக்கொள்வதை 'தூய்மை' என்று கொண்டாடும் சுவை எந்த வர்க்கத்தின் சுவை என்பதை விளக்கவும் வேண்டுமோ?

இனிக் கதையின் நடுமையத்துக்கு வருவோம். நாதாவின் வணிகர் சாக்கே ஒருபுறமிருக்க, யப்பானியக் கமக்காரர் தத்தம் வீட்டிலே தமக்கு வேண்டிய மதுவைத் தாமே ஆக்கிவந்தனர். பிழியாத, கலங்கலான அம்மதுவுக்குத் தொபுரொக்கு என்று பெயர். விளைந்த நெல்லில் ஒரு பங்கை இவ்வாறு புளிக்கவைத்து, நடுகைக்கும் அறுவடைக்கும் திருவிழாவுக்கும் பருகுவது கிராம வாழ்வின் இயல்பான கூறு. 1894–95இல் சீனாவோடு பொருது வென்ற மெய்ஜி அரசு படையையும் கடற்படையையும் பெருக்க முனைந்தது. அதற்குப் பணம் வேண்டும். மதுவரியே கண்கண்ட வழியாயிற்று. விற்கும் மதுவுக்கு வரி ஏற ஏற, வீட்டு மது அவ்வரிக்குத் தப்பும் ஓட்டையாகத் தோன்றிற்று. 1899ஆம் ஆண்டு வீட்டிலே மது ஆக்குதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அக்காலத்தில் மதுவரி நிலவரியையும் விஞ்சி, நாட்டின் வரி வருவாயில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை ஈட்டித் தந்தது. கமக்காரனின் கலயத்தை உடைத்து அதன் விலையிலே பீரங்கி வார்த்தார்கள் எனின் மிகையாகாது.

இத்தடை யப்பானியக் கமக்காரனோடு நிற்கவில்லை. வடக்கே ஐனு மக்கள் தினையினத் தானியங்களிலிருந்து ஆக்கித் தம் தெய்வங்களுக்குப் படைத்த தொனோட்டோ என்னும் மதுவும் அதே சட்டத்தின் பிடியில் அகப்பட்டது. அவர்களைப் 'பாதுகாக்க' என்று சொல்லி நிலத்தையும் மொழியையும் பறித்த சட்டமும் அதே 1899இல்தான் பிறந்தது. அடிமைப்படுத்தப்பட்ட கொரியாவில் 1916இல் மதுவரிச் சட்டம் விதிக்கப்பட்டது. 1934இல் வீட்டு மதுவுக்கான உரிமமும் நீக்கப்பட்டது. வல்லரசு எங்கே சென்றாலும் முதலில் மக்களின் அடுக்களைக்குள்ளே எட்டிப் பார்க்கின்றது.

தடைசெய்து தான் கைக்கொண்ட மதுவின் தரத்தையாவது அரசு காத்ததோ? போர்க்கால அரிசிப் பஞ்சத்தில் வடித்த அற்ககோலும் வெல்லமும் அமிலமும் கலந்து சாக்கேயை மும்மடங்காக்கும் முறை உருவாகி, போருக்குப் பின்னர் எங்கும் பரவியது. பஞ்சம் தீர்ந்த பின்னும் அது ஒழியவில்லை. இலாபம் அதனை ஒழியவிடவில்லை. 2006இல் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே அத்தகைய கலவை சாக்கே என்னும் வகுப்பிலிருந்து நீங்கியது. 1943 முதல் 1992 வரை சாக்கேயின் 'சிறப்புத் தரம்', 'முதல் தரம்', 'இரண்டாந் தரம்' என்னும் படிகளும் வரிப்படிகளாகவே இருந்தன. மேல் தரத்துக்குரிய வரியைத் தவிர்க்க விரும்பிய சிறு சாலைகளின் நல்ல சாக்கே இரண்டாந் தரமாகவே விற்கப்பட்டது. சுவைக்கு அளவுகோல் ரசிகனின் நா என்கின்றார்கள். அரை நூற்றாண்டுக் காலம் வரியதிகாரியின் பேனாவே அளவுகோலாயிருந்தது.

1899இன் தடை பழங்கதை என்று எவரும் எண்ணற்க. ஒரு வீதமோ அதற்கு மேலோ அற்ககோல் உள்ள எதனையும் உரிமமின்றி வீட்டில் ஆக்குதல் யப்பானில் இன்றும் குற்றம். பத்து ஆண்டு வரை சிறையோ பத்து இலட்சம் யென் வரை தண்டமோ விதிக்கலாம். நரித்தா விமான நிலையத்துக்காக நிலம் பறிக்கப்பட்ட சன்றிசுக்காக் கமக்காரரின் போராட்டத்தோடு நின்ற மயேதா தொஷிஹிக்கோ, தொபுரொக்கு ஆக்குவோம் வாருங்கள் என்று வெளிப்படையாகவே நூல் வெளியிட்டு, தாமும் ஆக்கி, வழக்குத் தொடரப்பட்டார். தனக்கென ஆக்கித் தானே பருகுவது மனிதனின் உரிமை என்று அவர் வாதிட்டார். 1989 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தைத் தள்ளியது. வரி வருவாயைக் காப்பதற்காகத் தடைவிதிப்பது சட்டமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதே என்பது தீர்ப்பு. இன்று அந்நாட்டு வரி வருவாயில் மதுவரியின் பங்கு இரண்டு வீத அளவே. மூன்றிலொரு பங்குக்காக விதித்த விலங்கை இரண்டு வீதத்துக்காகவும் கழற்ற மறுக்கின்றனர்.

இந்நிலையில் 2024 டிசம்பரில் கோஜியைக்கொண்டு சாக்கே முதலிய மதுவகைகளை ஆக்கும் மரபறிவு யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் ஏற்றப்பட்டது. மகிழ்ச்சியே. ஆனால் முரண்பாட்டைக் காணீர்! மானிடத்தின் சொத்து என்று உலகறிய முழங்கப்பட்ட அறிவினை அந்நாட்டுக் கமக்காரி ஒருத்தி தன் அரிசியில், தன் வீட்டில், தன் பானையில் பயன்படுத்தினால் குற்றவாளியாவாள். அறிவுக்கு மாலை; அவ்வறிவை ஈன்றோருக்கு விலங்கு.

'கைவினைச் சாக்கே' என்னும் சொல்லின் உட்பொருளும் இவ்விடத்தேதான் விளங்குகின்றது. சாக்கே ஆக்கப் புதிதாக உரிமம் பெறுதல் பல பதிற்றாண்டுகளாக நடைமுறையில் இயலாதது. 2021 முதல் ஏற்றுமதிக்கு மட்டுமே வழி திறக்கப்பட்டது. உள்நாட்டு உரிமத்துக்கு ஆண்டுக்கு 60,000 இலீற்றர் குறைந்தபட்ச உற்பத்தியும் வேண்டும். எனவே முதலில்லாத இளைஞர்கள் ஒரு வழி கண்டனர். மதுவைப் பிழியாமல் விட்டாலோ, வேறு பூவோ பழமோ சேர்த்தாலோ அது சட்டப்படி சாக்கேயன்று. 'ஏனைய மது' ஆகிவிடும். 6,000 இலீற்றர் போதும். இவ்வாறு ஆக்கும் மதுவுக்கே யப்பானில் இன்று 'கைவினைச் சாக்கே' என்று பெயர் வழங்குகின்றது. புதுமோகத்தின் உச்சியிலுள்ள அப்பெயர் ஓர் அநீதியான சட்டத்தின் வேலியைச் சுற்றிவந்த இளைஞரின் பெயராகும்.

நாம் சுவைத்ததும் அவ்வகையினதே. புக்குஷிமாவின் ஒடாக்கா என்னும் ஊரில் 2021இல் எழுந்த சிறு சாலையொன்றில் அது ஆக்கப்பட்டது. 2011இன் அணுவுலை விபத்தினால் அவ்வூர் மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 2016இலேதான் ஊரின் பெரும்பகுதிக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. நாவில் எஞ்சிய கசப்பு ஹொப்ஸ் பூவினுடையது. புதுமை விரும்பி எவரோ சேர்த்ததென நினைத்தோம். அன்று! வடகிழக்குக் கமக்காரர் தம் வீட்டுத் தொபுரொக்குவில் அதன் காட்டினத்தைச் சேர்ப்பது பண்டை வழக்கமாம். சட்டத்தால் ஒழிக்கப்பட்ட பாட்டிமாரின் கைப்பாகத்தை, வெறிச்சோடிய ஊரொன்றில் பேரர் மீட்டிருக்கின்றனர். அக்கசப்பை 'மெல்லிய பின்சுவை' என்று மட்டும் குறித்துவிட்டு அப்பால் செல்பவனை நாம் சுவைஞன் என்று ஒப்பமாட்டோம். அவன் எழுத்தறியாமல் ஏட்டின் அட்டையைத் தடவிப் பார்ப்பவனே.

இதற்கு மறுப்பு உண்டு. சிறு சாலைகளை இச்சுவைஞரின் காசன்றோ வாழவைக்கின்றது என்பர். சாக்கே அருந்துதல் 1970களின் தொடக்கத்து உச்சத்திலிருந்து மூன்றிலொரு பங்குக்கும் கீழே வீழ்ந்துவிட்ட நிலையில் இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. கலப்படம் பெருகிய காலத்தில் அரிசி மதுவின் நெறியைக் காத்தோருள் சிறு சாலையினர் பலர். அவர்கள் நம் பகைவரல்லர். ஆனால் விருந்தாளியின் தயவிலே வாழும் கலை, விருந்தாளி வேறு மோகத்துக்குத் தாவும் நாளில் மடியும். 2002இன் சிறப்பு வலயச் சட்டத்தைத் திருத்தி, விடுதியோ உணவகமோ நடத்தும் கமக்காரர்க்குச் சிற்றளவில் தொபுரொக்கு ஆக்க உரிமம் அளித்தனர். உல்லாசப் பயணிக்கு ஊற்றிக் கொடுப்பதாயின் ஆக்கலாம். நடுகை முடித்த அயலவனுக்கு ஊற்றிக் கொடுப்பதற்காயின் ஆகாது! இது மரபைக் காப்பதாகுமோ, காட்சிக்கு வைப்பதாகுமோ?

தடையை நீக்கினால் குடி பெருகும், நலம் கெடும் என்பது மற்றொரு மறுப்பு. கடைகளில் மது தாராளமாய் விற்கும் நாட்டில் இவ்வாதம் நகைப்புக்கிடமானது. தென் கொரியா 1995இல் தன் மக்கள் தம் வீட்டுக்கெனத் தாமே மது ஆக்குவதை அனுமதித்தது. அதனால் அந்நாடு அழிந்துவிடவில்லை. காலனி ஆட்சி விட்டுச்சென்ற தடையைக் கொரியர் களைந்தனர். தடையைப் படைத்த நாட்டின் மக்களோ இன்றும் அதனைச் சுமக்கின்றனர்.

ஆகவே நாம் கூறுவது இதுவே. வீட்டு அரிசியை வீட்டுத் தேவைக்குப் புளிக்கவைக்கும் உரிமை யப்பானியக் கமக்காரர்க்கு மீளவேண்டும். அதனைக் கேட்டு நீதிமன்றம் ஏறியோர் கேலிக்குரியோரல்லர். மக்கள் பண்பாட்டின் காவலர். போத்தலின்மீது அரிசி எத்தனை வீதம் தீட்டப்பட்டது என்று அச்சிடுவோர், அதனை ஆக்கியோர் எத்தனை மணி நேரம் உழைத்தனர், என்ன ஊதியம் பெற்றனர் என்பதையும் அச்சிடட்டும். சுவைக்குறிப்பு எழுதுவோர் மணத்தோடு மனிதரையும் எழுதட்டும். எழுத மறுத்தால், மாணவர்களே, அவர்தம் எழுத்தை அழகுணர்ச்சி என்று ஏமாந்து ஏற்காதீர்கள்.

உண்பதையும் பருகுவதையும் பாடுவதையும் படைத்தவர்கள் உழைக்கும் மக்கள். தாம் படைத்ததைத் தாமே சுவைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லாதவரை, பிறர் அதனைச் சுவைத்துப் பாடும் புகழுரை எத்துணை இனியதாயினும் களவின் சுவையே அதிலுண்டு.